முதல் நாளே முழு வேலை

அவர் அன்று குடித்திருக்கவில்லை. "ராத்திரி சரக்கு போட்டிருக்கான் சார், வெறும் வயித்தோட வேலைக்கு வந்துட்டான்" என்று டியூட்டி டாக்டரிடம் சொன்னது நான்தான். சீட்டில் அப்படியே ஏறியது. அவருக்குப் பேச்சு மூச்சில்லை. அவர் மனைவி வந்து சேர்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அது குடிக்காதுங்க, காமாலை வந்ததுலேர்ந்து தொடறதே இல்ல" என்று அந்த அம்மா பிறகு வந்து அழுதபோது, செங்கல் சூளைக்காரர் மகனான நான் சொன்னதுதான் நின்றது.

இத்தனை வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் தாக்கி இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு என்றது. படாளம் கூட்டுரோட்டில் டீக்கடையில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தேன். அந்தப் பணம் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டுமானால் செத்ததற்குக் காரணம் வெயில் என்று காகிதத்தில் இருக்க வேண்டும். அவர் பிழைத்துக்கொண்டார். பிழைக்காமல் போயிருந்தால், என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு பொய் அவரைக் குடிகாரனாக்கிப் புதைத்திருக்கும். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் எத்தனை சூளையில், எத்தனை அரிசி ஆலையில், எத்தனை கட்டிட வேலையில் என்னைப் போல ஒருவன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று இதே பொய்யைச் சொல்லியிருப்பான் என்று நினைத்தபோது டீ இறங்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் சூளை ஜிஎஸ்டி சாலையிலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்கும் மண்பாதையில் இருக்கிறது. பொங்கலுக்கு முன்பே முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்போம். தை பிறந்தால் கல் அறுக்கத் தொடங்கி மழை வரும்வரை வேலை. முன்பணத்தைக் காட்டி ஆளை நிறுத்தி வைப்பது 1976-ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்பது எனக்கும் அண்ணனுக்கும் நன்றாகத் தெரியும். அந்த நோட்டை எழுதுகிறவன் நான். யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் எத்தனை கல் அறுத்தார், யார் எந்த நாள் வரவில்லை, எல்லாம் என் கையெழுத்தில் இருக்கும்.

அவர் செய்யூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் மூத்தவர். சூளை பிரிப்பதில் அவரைப் போல் வேகமான ஆள் எங்களிடம் இல்லை. வெந்த கல்லைக் கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு எடுத்து, இரண்டு இரண்டாகக் கீழே நிற்பவருக்கு வீசுவார். அந்த வருடம் மாசியில் மகளுக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போனார். போன இடத்தில் மஞ்சள் காமாலை. பங்குனி முழுக்கப் பாயில் படுத்துக் கிடந்தார். திரும்பி வந்தபோது கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று இருந்தது.

அன்று மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டுக் காம்பவுண்டுக்கு லோடு போக வேண்டும். லாரி வந்து நின்றுவிட்டது. நெருப்பு அணைந்து போதிய நாள் ஆகவில்லை. மேல் வரிசை கை வைக்கலாம், உள்ளே கல் இன்னும் தணல் போலக் கிடந்தது. அவர் என்னிடம் வந்து, "தம்பி, இன்னிக்குப் பச்சைக்கல் பக்கம் நிக்கட்டுமா? உடம்பு இன்னும் தேறல" என்று கேட்டார்.

"எத்தினி வருஷமா பிரிக்கிற, உனக்கு இன்னா புதுசா? ஒரு மணி நேரம் நின்னியானா பழகிடும், போ."

அவர் கேட்டார். நான் மறுத்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் விலங்கியல் படித்தவன். வியர்வை எப்படிச் சுரக்கிறது, உடல் வெப்பத்தை மூளை எப்படிக் காக்கிறது என்று படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியவன். படித்ததெல்லாம் மார்க் பட்டியலோடு நின்றுபோயிற்று.

உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்பு அவர் தாறுமாறாக நடந்துகொள்ள ஆரம்பித்தார். கீழே ஆள் இல்லாத பக்கம் கல்லை வீசினார். எப்போதோ செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். சம்பந்தமில்லாமல் சிரித்தார், பிறகு என்னை வண்டை வண்டையாகத் திட்டினார். "போதையில இருக்காரு போல" என்று லாரி கிளீனர் சொன்னான். நான் பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தேன். எந்த வாடையும் இல்லை. பின்னால் ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும் என்பதற்கு அந்த முகர்தலே சாட்சி.

சட்டை முழுக்க நனைந்திருந்தது. வெயில் அடித்தால் உடம்பு வறண்டுபோகும், இவருக்குத்தான் வியர்க்கிறதே என்று நினைத்தேன். அதுவும் தவறு. வீட்டுக்குள் படுத்திருக்கும் முதியவர்களுக்கு வெப்பம் தாக்கும்போதுதான் பெரும்பாலும் தோல் வறண்டுபோகும். உழைக்கிறவனைத் தாக்கும்போது வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே உள்சூடு 40 டிகிரியைத் தாண்டிவிடும். முதலில் தடுமாறுவது மூளை. அந்தச் சிரிப்பும் திட்டும் அதுதான்.

பிறகு அவர் விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது. "காக்கா வலிப்பு, இரும்பைக் குடுங்க" என்று யாரோ கத்தினார்கள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் கை அடுப்பில் காய்ந்த இரும்பு போலச் சுட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எட்டும் தூரத்தில், மண் குழைக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டி விளிம்பு வரை நிறைந்து நின்றது. அவரைத் தூக்கி அதில் கழுத்தளவு உட்கார வைத்திருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவன் அங்கே நான் ஒருவன்தான். டிரைவரைத் தேடி, வண்டியைத் திருப்பி, ஜிஎஸ்டி சாலை நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேரும்வரை அவர் உடம்பு உள்ளுக்குள் வெந்துகொண்டே இருந்தது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஃபால்மவுத் என்ற ஊரில் வருடா வருடம் ஆகஸ்டு வெயிலில் சாலை ஓட்டப் பந்தயம் நடக்கும். அங்கே 18 வருடத்தில் வெப்பத் தாக்குதலில் சுருண்டு விழுந்த 274 பேரைப் பந்தய முடிவிலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குளிர வைத்திருக்கிறார்கள். 274 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை என்று மருத்துவர்கள் 2015-இல் எழுதியிருக்கிறார்கள். முதலில் குளிர வை, அப்புறம் ஏற்றிக்கொண்டு போ என்பதுதான் விதி. அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட வேண்டும். எங்கள் தொட்டியில் ஐஸ் இல்லை. போர் தண்ணீர் இருந்தது. அதுவே பெரிய உதவியாக இருந்திருக்கும்.

அவர் பிழைத்தார். சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவில்லை. இனி வெயிலில் பாரம் தூக்கும் வேலை கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதன் பிறகுதான் நான் மறுபடி படிக்க உட்கார்ந்தேன். பழகிடும் என்று அவரிடம் சொன்னேனே, அது எந்த அளவுக்கு உண்மை என்று தெரிந்துகொள்ள நினைத்தேன்.

உடம்பு சூட்டுக்குப் பழகுவது உண்மை. அதன் விவரம் தெரிந்தால் பிரமித்துப் போவோம். வெயிலில் தொடர்ந்து வேலை செய்யும் முதல் சில நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இதயத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். ரத்தத்தின் அளவு கூடினால் அது படபடவென்று அடிக்காமல் இரண்டையும் கவனிக்கும். அடுத்து வியர்வை. பழகாத ஆளுக்கு உடம்பு நன்றாகச் சூடான பிறகுதான் வியர்க்கத் தொடங்கும். பழகியவனுக்குச் சூடு ஏறத் தொடங்கும்போதே வியர்த்துவிடும், அதிகமாகவும் வியர்க்கும். அந்த வியர்வையில் உப்பு குறைந்திருக்கும். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அனுப்பும் ஆல்டோஸ்டிரோன், வியர்வைச் சுரப்பி வெளியே விடப்போன உப்பைத் திரும்ப உள்ளே இழுக்க வைக்கிறது. புது ஆள் சட்டையில் பூக்கும் வெள்ளை உப்புக் கோடு பழைய ஆள் சட்டையில் மங்கலாக இருப்பது இதனால்தான். இவையெல்லாம் கூடிவர ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் இதில் எதுவும் நடப்பதில்லை.

வந்த பழக்கம் தங்குவதும் இல்லை. சூட்டிலிருந்து விலகி இருக்கும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 2.5 விழுக்காடு கரைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் படுக்கையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். பங்குனி முழுக்கக் கூரை நிழலில் படுத்துக் கிடந்த மனிதர் சித்திரையில் சூளைக்கு வந்தபோது, உடம்பைப் பொறுத்தவரை ஏறக்குறையப் புது ஆள். கை வேலையை மறக்கவில்லை. ரத்தமும் வியர்வைச் சுரப்பியும் மறந்திருந்தன. கையின் வேகத்தைப் பார்த்து நான் ஆளை எடை போட்டேன்.

குளிரிலும் இப்படித்தான். கொரியாவில் முத்துக்குளிப்பது போல மூச்சடக்கிக் கடலடியில் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்களை ஹேன்யோ என்பார்கள். மெல்லிய பருத்தி உடுப்போடு பனிக்காலக் கடலில் இறங்கியவர்கள். 1960-களில் சுக் கி ஹோங் என்பவர் அவர்களை ஆராய்ந்தபோது, பனிக்காலத்தில் அவர்கள் உடம்பு ஓய்விலேயே மற்றவர்களைவிட அதிகச் சூட்டை உண்டாக்குவதைக் கண்டார். 1970-களின் பிற்பகுதியில் ரப்பர் நீச்சல் உடை வந்தது. சில வருடத்தில் அந்தத் தனித் திறன் அவர்களிடம் இல்லாமல் போயிற்று. பரம்பரையாக அந்தக் கடலில் இறங்கிய பெண்கள் அவர்கள். 'அந்த சனங்களுக்கு உடம்பு வாகே அப்படி' என்று எங்கள் வீட்டில் சூளை ஆட்களைப் பற்றிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அது எவ்வளவு வசதியான பேச்சு என்று அதைப் படித்தபோது புரிந்தது.

சதுரங்கப்பட்டினத்தில் மீன் வாங்கும்போது ஐஸ் பெட்டிக்குள் முழங்கை வரை விட்டு வஞ்சிரத்தைத் துழாவும் அம்மாக்களின் விரலைக் கவனித்திருக்கிறேன். நகத்தைச் சுற்றித் தோல் ஊறி வெளுத்து, கணுக்களில் வெடித்திருக்கும். தினமும் ஐஸில் புழங்கும் கைக்கு விரல் ரத்தக்குழாய்கள் சீக்கிரம் திறந்துகொண்டு கொஞ்சம் வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். இங்கிலாந்தில் மீன் அறுக்கும் தொழிலாளர்களிடம் 1962-லேயே இதைக் கண்டறிந்திருக்கிறார்கள். வெடிப்பு வெடிப்பாகவேதான் இருக்கும். வலி குறைந்துவிட்டது என்பதால் சேதம் நின்றுவிட்டதாக ஆகாது.

சூட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். பழகிய உடம்புக்கும் ஒரு எல்லை உண்டு. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது, வழிந்து கீழே விழும். வழிகிற வியர்வை உடம்பிலிருந்து நீரை எடுக்குமே தவிரச் சூட்டை எடுக்காது. நம் கடற்கரையில் மே மாதப் பிற்பகலில் நடப்பது இது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டினால் மனிதன் தாங்க முடியாது என்று ஏட்டுக் கணக்கு இருந்தது. 2022-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் வயதினரை வைத்தே சோதித்தார்கள். 31-ஐ ஒட்டியே உடம்பு கைவிடத் தொடங்கியது. நல்ல ஆரோக்கியமுள்ளவர்கள் அவர்கள், செய்ததும் இலேசான வேலைதான். சூளைக்கு மேலே நிற்கிறவருக்குக் காலுக்குக் கீழேயும் நெருப்பு.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் என்பவரின் குழு பல வருடமாகத் தமிழ்நாட்டு உப்பளங்களிலும் சூளைகளிலும் வயல்களிலும் இதை அளந்து வருகிறது. வாழ்நாள் முழுக்க உப்பளத்தில் நின்றவர்களிடமும் நீரிழப்பையும் சிறுநீரகப் பாதிப்பையும் கண்டிருக்கிறார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்யும், செய்யாத கர்ப்பிணிகள் 800 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது. ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள் என்பதும் அவர்கள் பதிவு செய்திருப்பதே. அதைப் படித்தபோது எங்கள் சூளையில் கக்கூஸ் இல்லாதது நினைவுக்கு வந்தது. கல் அறுக்கும் பெண்கள் காலையில் கொண்டுவரும் பாட்டில் சாயங்காலம் பாதி நிறைந்தே இருக்கும். சிக்கனமான பெண்கள் என்று நினைத்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் தீர்வு இல்லாமல் இல்லை. பழைய தீர்வு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1920-களில் ஆட்கள் சூட்டில் செத்து விழத் தொடங்கியதும், 1930-களிலிருந்து புது ஆட்களைப் படிப்படியாகச் சூட்டுக்குப் பழக்கிய பிறகே ஆழத்துக்கு அனுப்பினார்கள். கறுப்பின உழைப்பை உறிஞ்சிய முதலாளிகள் அவர்கள். ஆள் செத்தால் நட்டம் என்ற கணக்கில் செய்தார்கள். அந்தக் கணக்குகூட என்னிடம் இல்லை. அமெரிக்காவின் தொழில்நலக் கழகம் சொல்லும் முறை இன்னும் எளிது. புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் சூட்டில் வேலை, தினமும் ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். விட்டுத் திரும்பும் பழைய ஆளுக்கு முதல் நாள் பாதி, அடுத்து 60 விழுக்காடு, பிறகு 80, நான்காம் நாள் முழுசு. வேலையிடத்தில் வெப்பத்தால் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே இறக்கிறார்கள் என்று அந்த நாட்டுத் தொழிலாளர் துறையே சொல்கிறது.

எனக்கு இதைச் சொல்லித்தர அமெரிக்கா வேண்டியதில்லை. எங்களுக்குச் சவுக்கு நாற்றுப் பண்ணையும் இருக்கிறது. தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழ் வளர்ந்த நாற்றை ஒரேயடியாக வெயிலுக்குத் தள்ளினால் கருகிவிடும் என்று தெரிந்து, கீற்றைத் தினம் ஒன்றிரண்டாக உருவி வெயில் காட்டி, தண்ணீரைக் குறைத்து, பிறகே நடவுக்கு அனுப்புவேன். அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. நாற்று கருகினால் என் காசு போகும். அவருக்கு ஏதாவது ஆனால் என் காசு போகாது என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவர் ஏன் வற்புறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சூளையில் நாள் சம்பளம் கிடையாது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. பாதி வேலை செய்தால் பாதிக் கூலி. காமாலைச் செலவுக்கு வேறு என்னிடம் கடன் வாங்கியிருந்தார். மேலே ஏற மறுத்தால் பாக்கி ஏறும். உடம்பு பழக ஒரு வாரம் ஆகும் என்றால் அந்த வாரத்துக் கூலியை யாராவது கொடுத்தாக வேண்டும், இதுவரை அதைத் தொழிலாளிதான் தன் உடம்பால் கொடுத்து வந்திருக்கிறார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்கு எதிரே 'வரவில்லை' என்று நோட்டில் எழுதி, பாக்கியில் எதையும் கழிக்காமல் மறு பக்கத்துக்குக் கொண்டுபோனவன் நான். அந்தப் பாக்கியை அடைக்க அடுத்த பருவத்தில் அவர் மகன் வந்தான். வரவு வைத்தேன்.

டீக்கடையில் அந்த நிவாரணச் செய்தியைப் படித்த பிறகு செய்யூருக்குப் போய் அவரைப் பார்த்தேன். இப்போது ஒரு இறால் பண்ணையில் ராத்திரிக் காவலுக்குப் போகிறார். திண்ணையில் அவர் மனைவியும் இருந்தார். டாக்டரிடம் நான் சொன்னது பொய், முகர்ந்து பார்த்துத் தெரிந்தே சொன்னேன் என்று இருவர் முன்னாலும் சொன்னேன். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கடைசிவரை வெளியே வரவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஊட்லயே பாதி சனம் அதத்தான் நம்பிச்சு தம்பி. மருமவன் அதுக்கப்புறம் எங்கூட உக்காந்து சாப்புடல" என்றார்.

நான் இதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"அண்ணே, நான் அவருகிட்டயும் வந்து சொல்றேன். பாக்கியெல்லாம் கிழிச்சுட்டேன். உங்க பையன் கழிச்ச பணத்தத் திருப்பித் தர்றேன். ஆஸ்பத்திரிலயும் எழுதிக் குடுக்கறேன்."

"குடுங்க" என்றார். பிறகு கேட்டார், "இப்ப லீவுல போய்ட்டு வர்றவங்கள என்னா பண்றீங்க?"

முதல் நாள் பாதி வேலை, கூலி முழுசு என்று சொன்னேன். புது ஆளுக்கு ஒரு வாரம். வெந்த கல்லை ஆறாமல் பிரிப்பதில்லை. தொட்டித் தண்ணீரை எப்போதும் நிறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், எதற்கென்றும் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். கக்கூஸ் கட்டியாகிவிட்டது. என் பங்குச் சூளையில் மட்டும்தான் இதெல்லாம். அண்ணன் பங்கில் பழையபடிதான் நடக்கிறது, கேட்டால் கட்டுப்படியாகாது என்கிறார். முன்பணம் இரண்டு பக்கமும் இன்னும் இருக்கிறது.

"அண்ணன் பக்கம் எத்தினி பேரு?"

சொன்னேன்.

"அவங்கள்லாம் உங்க நோட்லதான இருக்காங்க" என்றார் அவர்.